"தான்" போட்டுப் பாருங்க, கிளாட் லாஜிக்கல் ரீசனிங் புடிபடும்

நான் காரைக்குடி, ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். கிளாட்டுக்கு, அதாவது தேசிய சட்டப் பல்கலைக்கழகங்கள்ல சேர்ற நுழைவுத் தேர்வுக்குப் படிக்க ஆரம்பிச்சப்ப பெரிய அடி லாஜிக்கல் ரீசனிங்லதான், அதான் தர்க்கமா யோசிச்சுப் பதில் சொல்ற பகுதி. 120 நிமிஷத்துல 120 கேள்வி, அதுல இது மட்டும் 22லேருந்து 26 வரும், தப்பாப் போட்டா கால் மார்க் போயிரும், எனக்கு மொத மாக்ல, அதான் மாதிரித் தேர்வுல, 24க்கு 9தான் சரி. இங்கிலீஷ்தான் ஒதைக்குதுன்னு ரெண்டு மாசம் வொக்காபுலரியா உருட்டுனேன், வேஸ்ட்டு. எனக்குப் புரியாதது இஃப்புக்கும் ஒன்லி இஃப்புக்கும் உள்ள வித்தியாசம்.

அது வெளங்குனது எங்க அப்பத்தாவாலதான். எங்க சமூகத்துல ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலயும் அதுல ஒரு பிரிவயும் சேந்ததா இருக்கும். சித்தப்பா மகளுக்கு எடம் பாக்குறப்ப அப்பத்தா, "மொதல்ல எந்தக் கோயில்னு கேளுப்பா, ஒரே கோயில் ஒரே பிரிவுன்னா பங்காளி, குடுக்க முடியாது"ன்னாங்க. இதத் திருப்பிப் போடுங்க, கல்யாணம் பண்ணலாம்னா ஒரே கோயில் ஒரே பிரிவா இருக்க முடியாது, இதான் கான்ட்ராபாசிடிவ், எப்பவும் சரி. ஆனா வேற கோயில்ங்கறதால மட்டும் கல்யாணம் முடிஞ்சிருமா? ஜாதகம் இருக்கு, பொண்ணுக்குப் புடிக்கணும், எவ்ளோ இருக்கு. நான் மாக்ல டிக் அடிச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் இந்த ரெண்டாவது வகைதான்!

அன்னைலேருந்து எந்த வாக்கியத்தையும் மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாப்பேன். "மழை பெஞ்சா ஊருணி நெறையும்" இது இஃப், மழை மட்டும் போதும். "மழை பெஞ்சாத்தான் ஊருணி நெறையும்" இது ஒன்லி இஃப், மழை இல்லாம நெறையாது ஆனா பெஞ்சும் நெறையாம இருக்கலாம், வரத்துக்கால் அடைச்சுக் கெடந்தா என்ன பண்றது. அன்லெஸ் வந்தா "இல்லேன்னா"ன்னு படிங்க. நம்ம மொழியில ஒரு "தான்" இவ்ளோ வேலை செய்யுது, அத விட்டுட்டு அம்புக்குறி ஃபார்முலாவா போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க.

ஆர்க்யுமென்ட் கேள்வில மொதல்ல முடிவு எதுன்னு அடிக்கோடு போடுங்க, அப்பறம் காரணம், நடுவுல சொல்லாம விட்டது என்னன்னு தேடுங்க, அதான் அசம்ப்ஷன். "கானாடுகாத்தான்ல பழைய வீடுங்கள ஹோட்டலாக்குனதால இடியாம நிக்குது, அதனால நம்ம பூர்வீக வீட்டையும் ஹோட்டலாக்குனா பொழச்சுக்கும்"னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க. பங்குக்காரங்க எல்லாரும் சம்மதிப்பாங்கன்னு அவரு பாட்டுக்கு எடுத்துக்கிட்டாரு. அத மறுத்துப் பாருங்க, சிங்கப்பூர்ல இருக்க ஒரு பங்காளி கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாருன்னா பேச்சே படுத்துருது, அப்ப அது அசம்ப்ஷன்தான். மறுத்தும் ஆர்க்யுமென்ட் நிக்குதுன்னா அந்த ஆப்ஷன விட்ருங்க.

தெனம் ரெண்டு பேசேஜ் போதும், மொத மாசம் டைமர் வேணாம். தப்பாப் போன ஒவ்வொரு கேள்விக்கும் எந்த எடத்துல ஏமாந்தோம்னு தமிழ்லயே ஒரு வரி எழுதி வைங்க. என் நோட்ல பாதிக்கு மேல "தான் இல்லாத எடத்துல தான் போட்டுட்டேன்"னுதான் இருந்துச்சு, மூணாவது மாசம் 24க்கு 19.