ரிமாண்டுக்குப் போகும் வக்கீல்

ரிமாண்ட் பார்ப்பது, அதாவது கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போடும் நேரத்தில் அவருக்காக நிற்பது, எங்கள் தொழிலில் யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்கிற வேலை இல்லை. பெரிய ஃபீஸ் கிடையாது, பெயரும் வராது. கோர்ட் கலைகிற நேரத்தில் போலீஸ் வேன் வந்து நிற்கும். லீவு நாளாக இருந்தால் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சென்னையில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீலாகப் பல வருடங்களாக இதைத்தான் பார்த்துவருகிறேன். கொலைக் கேஸ், பெரிய மோசடிக் கேஸ் என்றால் சீனியர்கள் கூட்டமாக வருவார்கள். செல்போன் பறிப்பு, அடிதடி, பைக் திருட்டு, கஞ்சா பொட்டலம், 'பொது இடத்தில் தகராறு' ஆகியவைதான் எனக்கு வருபவை. பிடிபட்டவர்களின் வீடும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஹவுசிங் போர்டு பிளாக்கில் ஒரு அறை.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு சொல்வது இது. காகிதத்தில் இதை மீறிய ஸ்டேஷனை நான் பார்த்ததில்லை. கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது என்பதை எழுதுகிறவரும் அவர்கள்தானே! முந்தாநாள் ராத்திரி வீட்டிலிருந்து அழைத்துப்போன பையன், இன்று காலை 10.30க்கு மேம்பாலத்தின் அடியில் சந்தேகப்படும்படி நின்றபோது பிடிபட்டதாக ரிமாண்ட் ரிப்போர்ட் சொல்லும். நடுவில் போன ஒன்றரை நாளுக்கு 'விசாரணைக்குக் கூட்டிட்டுப் போனோம்' என்று பெயர். சட்டத்தில் அப்படி ஒரு நிலை கிடையாது. ஒருவர் எழுந்து போக முடியாதபடி உட்காரவைத்தால் அது கைதுதான்.

அதனால் ரிமாண்ட் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு முதலில் அரெஸ்ட் மெமோவைத்தான் கையில் வாங்குவேன். டி.கே. பாசு வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கிய தாள் அது. கைதான நேரம், இடம், சாட்சியின் கையெழுத்து, வீட்டுக்குச் சொன்ன விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சாட்சி குடும்பத்தில் ஒருவராகவோ அந்தப் பகுதியில் மதிக்கப்படுகிற ஒருவராகவோ இருக்க வேண்டும். எனக்கு வரும் மெமோக்களில் ஸ்டேஷனுக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவரும், ஸ்டேஷன் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவரும் திரும்பத் திரும்ப சாட்சியாகிறார்கள். மதிப்பான ஆட்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆள் வாரத்தில் மூன்று கைதுகளை மூன்று தெருக்களில் நேரில் பார்த்திருக்கிறார் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். 'தகவல் தெரிவிக்கப்பட்டது' என்ற இடத்தில் 'அம்மாவுக்கு போன் மூலம்' என்று இருக்கும். நம்பரைப் பார்த்தால் பையனுடைய நம்பராகவே இருக்கும். அந்த போனோ ஸ்டேஷன் மேஜை டிராயரில் கிடக்கும்.

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் வழக்கம் போலக் கைது செய்யக்கூடாது, ஏன் கைது அவசியம் என்பதை எழுதிக் காட்ட வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014ல் தீர்ப்பு வந்தது. அதற்கும் ஒரு படிவம் அச்சாகிவிட்டது. எல்லாக் காரணத்துக்கும் நேரே டிக் இருக்கும். கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு 'காரணம் எனக்கு விளக்கிக் கூறப்பட்டது' என்று தமிழில் டைப் அடித்த ஒரு வரிக்குக் கீழே கைரேகை வருகிறது. தீர்ப்பு வந்தால் படிவம் வரும், படிவம் வந்தால் அதை நிரப்பத் தெரிந்த ரைட்டர் வந்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன். உணவு டெலிவரி ஓட்டும் பையன், இருபது வயதுதான் இருக்கும். செல்போன் பறித்த கேஸ். மாஜிஸ்திரேட் வழக்கம் போல, "போலீஸ் அடிச்சாங்களாப்பா?" என்று கேட்டார். அவன் பக்கத்தில் எஸ்.ஐ., பின்னால் ஏட்டு. "இல்லைங்கய்யா" என்றான். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் வேறு பதில் வராது. ஆனால் அவன் நின்ற விதம் சரியாக இல்லை. பாதத்தை முழுசாக ஊன்றாமல் வெளி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். போலீஸை வெளியே நிற்கச் சொல்லும்படி கேட்டேன். மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்துவிட்டு அனுப்பினார். பிறகு அடியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. "ஐயா, இவர் செருப்பைக் கழட்டி உள்ளங்காலைக் காட்டட்டும்" என்றேன். இரண்டு பாதமும் வீங்கி, குதிகாலுக்கு மேலே கத்திரிப்பூ நிறத்தில் கோடுகள். கூடவே வைத்திருந்த மருத்துவச் சான்றில் 'வெளிக்காயம் இல்லை' என்று இருந்தது. டாக்டர் அவனைச் செருப்போடு நிற்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும், அல்லது பார்க்காமலே எழுதியிருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் காயங்களைத் தன் கையாலேயே எழுதி, மறுபடி பரிசோதனைக்கு உத்தரவு போட்டார். வெளியே வந்ததும் ஏட்டு என்னிடம், "மேடம், நாங்க மட்டும் என்ன பண்றது? மாசத்துக்கு இத்தனை கேஸ் காட்டணும்னு மேல இருந்து மைக்கில திட்டுறாங்க" என்றார். அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. வார விடுமுறைகூட ஒழுங்காகக் கிடைக்காத ஆள் அவர். ஆனால் அந்தப் பாதங்களுக்கு அது பதிலாகாது.

அந்தச் சில நிமிடங்களில் மாஜிஸ்திரேட் தலையை நிமிர்த்திப் பார்க்கிறாரா இல்லையா என்பதில் உயிரே இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ரிமாண்டுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் அடிபட்ட காயங்களோடு இருந்தும் அவர்கள் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் இருவரும் இறந்துபோனார்கள். நாடே கொதித்தது. ஆனால் அடித்தவர்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு, அந்த ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்து விழுந்த நிமிடத்தைப் பற்றி நாம் பேசவில்லை.

சென்னைக்கு வருகிறேன். 'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை உடைந்தது' என்ற செய்தியைப் படிக்காதவர் இந்த ஊரில் இருக்க முடியாது. மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கும் ரவுடியின் படம் வாட்ஸ்அப்பில் வரும், கீழே கைதட்டும் எமோஜிகள். எங்கள் குடியிருப்பின் குரூப்பிலும் வரும். போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம் மட்டும் ஏன் இப்படி வழுக்குகிறது என்ற கேள்வி கடைசியில் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் கைதட்டல் நிற்கவில்லை. எந்தக் கட்சிக்கும் இதை எதிர்த்துப் பேசி ஓட்டு விழாது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது இறந்தவர் வீட்டுக்குப் போவார்கள். ஆளுங்கட்சியானதும் நிவாரணத் தொகை, அரசு வேலை, மனைப் பட்டா. 2025ல் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தபோது முதல்வர் அவர் தாயிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். அது பெரிய விஷயம்தான், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போலீஸ் துறையும் அதே முதல்வரிடம்தான் இருந்தது.

இங்கேதான் நகர அரசியல் என்று நாம் சொல்வதன் ஓட்டை இருக்கிறது. சென்னை மாநகராட்சிக்கு 200 வார்டு, 200 கவுன்சிலர். 2016ல் மாமன்றம் கலைந்து, 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை, அது தனிக் கதை. மாமன்றம் இருக்கும்போதும் மழைநீர் வடிகால், தெருவிளக்கு, கொசு பற்றி அங்கே கேள்வி கேட்கலாம். என் வார்டில் ஸ்டேஷனில் ஒருவரை இரண்டு நாள் உட்காரவைத்தது ஏன் என்று போலீஸ் கமிஷனரைக் கேட்க மேயருக்கும் அதிகாரம் இல்லை. போலீஸ் மாநில உள்துறைக்குக் கீழே வருகிறது. சரி, அப்படியானால் கவுன்சிலர் ஸ்டேஷன் பக்கமே போவதில்லையா? தினமும் போகிறார், சிபாரிசுக்காக. தன் ஆளை விடச்சொல்லவும், பிளாட்பாரக் கடைக்காரரைப் பிடிக்கச்சொல்லவும், குடும்பச் சண்டையைப் பேசி முடிக்கவும் போகிறார். கணக்குக் கேட்கும் அதிகாரம் இல்லாதவருக்கு ஸ்டேஷனில் நாற்காலி மட்டும் கிடைக்கிறது. அந்த நாற்காலி அவருக்கும் வசதி, இன்ஸ்பெக்டருக்கும் வசதி.

2006ல் பிரகாஷ் சிங் வழக்கில், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி அமைப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013ல் சட்டம் போட்டது. மாநில அளவில் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் கலெக்டர். போலீஸ் மேல் உள்ள புகாரை, போலீஸை நடத்துகிற துறையே விசாரிக்கும்! துணை கமிஷனர்களுக்கே நிர்வாக மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்து, பிடிக்கிற துறையே நன்னடத்தை பாண்டும் வாங்கி, பாண்டை மீறினால் ஜெயிலுக்கும் அனுப்பலாம் என்று அரசாணை போட்டதும் அதே காலத்தில்தான். 2023ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடையில் எத்தனை பேர் '110 பாண்டு' (நன்னடத்தை பாண்டு கேட்கும் சட்டப் பிரிவின் எண் 110) என்ற பெயரில் புழலுக்குப் போனார்கள் என்பதை ஸ்டேஷன் ரைட்டர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

போராட்டம் என்று வந்தால் இந்த நகரத்தின் சட்டம் இன்னும் பழையது. 1888ஆம் வருடத்து சென்னை மாநகர காவல் சட்டம், பிரிவு 41. கூட்டம் கூட முன்கூட்டியே மனு போட்டு கமிஷனர் அனுமதி வாங்க வேண்டும். தடை உத்தரவு 15 நாள் போடுவார்கள், முடிந்ததும் இன்னொரு 15 நாள். விக்டோரியா மகாராணி காலத்துத் தடையைத் தவணை முறையில் நீட்டித்துக்கொண்டே வருகிறோம். 2019 டிசம்பர் கடைசியில் பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகக் கோலம் போட்ட பெண்களைப் பிடித்தார்கள். மார்கழியில் கோலம் போட அனுமதி வேண்டுமா என்று ஊரே கேலி செய்தது. விவரம் கேட்கப் போன வக்கீல்களையும் உட்காரவைத்தார்கள். அப்போது அ.தி.மு.க. ஆட்சி.

2025 ஆகஸ்டில் தி.மு.க. ஆட்சி. குப்பை அள்ளும் வேலையைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், தலித்துகள். நடைபாதையை மறிக்கக்கூடாது, அனுமதித்த இடத்தில் போராடலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவோடு விடியும்வரை காத்திருக்கலாம், பேசிப் பார்க்கலாம். நள்ளிரவில் பஸ்களோடு வந்து தூக்கிப்போனார்கள். ஆதரவாக நின்ற வக்கீல்களும் சட்ட மாணவிகளும் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. நேரம் குறித்தது நீதிமன்றம் இல்லை. நள்ளிரவில் டிவி கேமரா குறைவு, வக்கீல் தூங்கியிருப்பார், மண்டபம் எது என்று கண்டுபிடிப்பதற்குள் காலையாகிவிடும். பிடித்தவர்களை வைக்கும் சமூகக் கூடங்களைத் தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். முதலில் போனை வாங்கிக்கொள்வார்கள். "எந்த செக்‌ஷன்ல வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "சாயங்காலம் விட்ருவோம் மேடம்" என்பதுதான் பதில். அந்த மாளிகையில் கூடுகிற கவுன்சிலர்களில் பெரும்பாலோர் தங்கள் வாசலில் நடந்ததற்கு வாய் திறக்கவில்லை.

கேமரா வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பியவர்களில் நானும் உண்டு. சாத்தான்குளம் ஸ்டேஷனில் கேமரா இருந்தது, பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். அதே 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கூடிய கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பதிவு கேட்டு நான் மனு போட்டால் அந்தத் தேதியில் மட்டும் கேமரா பழுதாக இருந்திருக்கும். அஜித்குமாரை அடித்த இடத்தில் ஸ்டேஷன் கேமராவே இல்லை. கோயிலுக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகையில் வைத்து அடித்தார்கள். கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து போனில் எடுத்த வீடியோதான் அதை வெளியே கொண்டுவந்தது.

அந்த டெலிவரி பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. அவன் அம்மா போலீஸ் மீது புகார் எழுதினார். கமிஷனர் அலுவலகம், மனித உரிமை ஆணையம் என்று எல்லாவற்றுக்கும் ரிஜிஸ்டர் தபால் போட்டோம். கமிஷனர் அலுவலகத்துக்குப் போன மனு அங்கிருந்து துணை கமிஷனருக்கும், அவரிடமிருந்து உதவி கமிஷனருக்கும், அவரிடமிருந்து 'தக்க நடவடிக்கைக்காக' அதே ஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் தனியாகப் போனார். கவுன்சிலரின் ஆள் ஒருவர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாராம். 'மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். "பையன் தினமும் அந்த ஸ்டேஷன் வழியாத்தானேம்மா வண்டி ஓட்டணும்?" என்று என்னைக் கேட்டார். மனித உரிமை ஆணையத்துக்குப் போன மனு மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது. மறுபரிசோதனை அறிக்கையின் நகலையும், மாஜிஸ்திரேட் எழுதிய காயக் குறிப்பின் சான்றிட்ட நகலையும் அதோடு சேர்த்திருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு அந்த அம்மாவைக் கூட்டிப்போக வேண்டும். வருவாரா என்று தெரியவில்லை.