சில்லாலைக்குக் கொண்டுபோன திறப்பு

பொங்கல் முடிந்த மறுநாள், ஜனவரி 16. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பண்டத்தரிப்புப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி யன்னலோரம் இருந்துகொண்டேன். அன்று புனித யோசவ் வாஸ் அடிகளாரின் திருநாள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, நான் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்தேன். அடுத்த திருநாளுக்கு, ஒல்லாந்தர் காலத்தில் அடிகளார் ஒளிந்திருந்த ஊரான சில்லாலைக்குப் போவேன் என்று அப்போதே நேர்ந்துகொண்டேன். போகவில்லை. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒன்று வந்து மறித்தது.

இந்த முறை போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் வளவில் இருப்பது பங்குக் கிணறு. எனக்கும் பக்கத்து வளவில் இருக்கும் சின்னம்மாவுக்கும் ஆளுக்குப் பாதி என்று உறுதியில் எழுதியிருக்கிறது. மோட்டர் வாங்கிய காசு, கறண்ட் பில் என்று தொடங்கிய பேச்சு, செத்துப்போன என் அம்மாவின் சீதனம் வரைக்கும் போய்விட்டது. அந்தக் கோபத்தில், சின்னம்மா கிணற்றடிக்கு வரும் படலைக்கு நான் ஒரு பூட்டுப் போட்டேன். ஏழு மாதமாகிறது. சின்னம்மா தெருக்குழாயில் வாளியோடு நிற்பதை நான் பார்க்காத நாள் இல்லை. அந்த ஏழு மாதத்திலும் நான் ஞாயிறு பூசையைத் தவறவிடவில்லை. இரண்டு தடவை பீடத்துக்கு முன்னால் நின்று வாசகமும் வாசித்தேன்.

கிணற்றுப் பிரச்சினை என் பக்கமாகத் தீரவேண்டும் என்று மன்றாடத்தான் சில்லாலைக்குப் போனேன்.

மானிப்பாயைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் கிறீன் ஆஸ்பத்திரியின் நினைவு வரும். டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் எங்கள் சபைக்காரர் அல்ல, அமெரிக்க மிஷன்காரர். 1847இல் வந்தவர். தமிழைப் படித்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். இங்கிலிஷ் தெரிந்தால் உத்தியோகம் என்றிருந்த காலம் அது. கிராமத்தில் வைத்தியம் பார்க்கப் போகிறவர் கிராமத்தாரின் மொழியில் படிக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். நோயாளிக்கு விளங்குகிற சொல்லைத் தேடி 20 வருடம் வரை உழைத்த மனிதரின் விசுவாசத்தை அறிய, அவருடைய பிரசங்கம் எதையும் தேடிப் படிக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பண்டத்தரிப்பில் இறங்கி மிச்சத் தூரத்தை நடந்தேன். நேர்த்தி என்றால் கொஞ்சமாவது நடக்கவேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. மாரி முடிந்த கையோடு வரும் அந்தக் குளிர் காற்று, பனைகளில் ஓலை உரசும் சத்தம், வயலில் தலை சாய்க்கத் தொடங்கிய நெல். எந்த வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் மேலே நின்றது. எங்கள் கிணறும் அப்படித்தான் நிற்கிறது. கையால் தொடலாம்.

கதிரை மாதா கோயிலுக்குள் ஒரு வாங்கில் இருந்து, செபமாலையை எடுக்கக் கைப்பைக்குள் கையை விட்டேன். செபமாலையோடு திறப்புக் கோர்வையும் வந்தது. மணிகள் வளையத்துக்குள் சிக்கியிருந்தன. பிரித்துப் பார்த்தால், சிக்கியிருந்தது படலைப் பூட்டின் திறப்பு.

அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். மறைக்கல்வி வகுப்பில் கேட்ட கதை ஒவ்வொன்றாக மேலே வந்தது.

1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். குருமாரைத் துரத்தினார்கள், கோயில்களைப் பறித்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரண தண்டனை என்றார்கள். கோவாவில் 1651இல் பிறந்த யோசவ் வாஸ் இதைக் கேள்விப்பட்டு, 1687இல் கூலியாள் வேடத்தில் கடல் கடந்து வந்தார். வந்த வழியிலேயே வயிற்றுளைவு. யாழ்ப்பாணத்தில் சாகக் கிடந்தவரை, தொற்றிவிடும் என்ற பயத்தில் ஊரார் ஒதுக்கி வைத்தார்களாம். ஒரு பெண் மட்டும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். கொடுத்தபோது அவர் குரு என்று அவளுக்குத் தெரியாது. அவள் பார்த்தது வருத்தக்காரப் பிச்சைக்காரன் ஒருவனைத்தான்.

எழும்பி நடக்கத் தொடங்கியதும் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். யார் வேதக்காரர் என்று வாய்திறந்து கேட்க முடியாது, கேட்டால் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். செபமாலையைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். அதன் பிறகும் அவசரப்படவில்லை. நடத்தையில் நல்லவர்களாகத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து வைத்து, அவர்களிடம்தான் முதலில் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு சில்லாலை அவருக்கு ஒளிவிடமானது. பூசைகள் இரவில் நடந்தன.

1658இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு குழந்தைக்கு அடிகளார் வந்தபோது 29 வயது. பூசையே காணாமல் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளை பெற்றிருக்கும். கோயில் இல்லை, குரு இல்லை, மணி இல்லை. அப்படியிருந்தும் வாசலில் நின்ற ஒரு பிச்சைக்காரருக்கு அந்த வீட்டு நடைமுறையைப் பார்த்தே ஆட்களை அடையாளம் தெரிந்திருக்கிறது. எனக்கு இந்த இடம்தான் நெஞ்சைப் பிடித்தது. அவர் எங்கள் தெருவால் வந்திருந்தால் என்ன கண்டிருப்பார்? என் வீட்டு வாசலுக்கு மேல் திருஇருதயப் படம் இருக்கிறது. பக்கத்தில் பூட்டிய படலையும் இருக்கிறது.

அந்த மக்கள் தந்த விலை பெரிது. 1689 நத்தார் இரவில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் வீடுகளைச் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். அடிபட்டும் சிறையிலும் செத்தவர்கள் உண்டு. அடிகளார் தப்பினார். பிறகு கண்டிக்குப் போய் அங்கேயும் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடியபோது, எந்தச் சமயம் என்று பாராமல் அவர்களைத் தூக்கி, புண் கழுவி, சோறு ஊட்டினார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே கண்ணை மூடினார்.

கேட்க வந்ததை நான் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. சின்னம்மா மோட்டர்க் காசில் பாதி தரவேண்டும் என்பது உண்மை, அது இன்றைக்கும் உண்மைதான். ஆனால் தண்ணீரை மறித்தது நான். செபமாலையை முழுதாகச் சொல்லி முடித்தேன். திறப்பு உள்ளங்கையில் அச்சுப் பதித்திருந்தது.

வீட்டுக்கு வர நாலு மணி தாண்டிவிட்டது. உடுப்பு மாற்றக்கூட உள்ளே போகவில்லை. போனால் மனம் மாறிவிடும் என்ற பயம். மழையில் பூட்டுக் கறள் பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு இரண்டு மூன்று தரம் திருகவேண்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்குச் சின்னம்மா கோடிப்பக்கம் வந்து நின்றார்.

"எங்க பிள்ளை போட்டு வாறாய்?"

ஏழு மாதத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"சில்லாலைக்குச் சின்னம்மா."

"இண்டைக்கு யோசவ் வாஸ் திருநாளெல்லே. நான் மறந்தே போனன்."

"நான் செய்தது பிழை சின்னம்மா. குடிக்கிற தண்ணியை மறிச்சுப்போட்டன். மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டார். பேசாமல் இருந்துவிடுவார் என்று நினைத்தேன், அப்படியிருந்தாலும் நான் ஏற்கத்தான் வேண்டும். கொஞ்ச நேரத்தால் வாளியோடு வந்தார்.

"மோட்டர்க் காசு மாசி பிறக்கத் தாறன். இப்ப கையில இல்லை."

"ஆறுதலாத் தாங்கோ."

கழற்றிய பூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிணற்றுக் கட்டில் வைத்திருந்தேன். சின்னம்மா அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வாளியை வைத்தார்.