கல்லில் ஒட்டியிருந்த கண்ணாடி

"மாமா, இது கண்ணாடியா?"

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் ஓடைக் கல்லில் காலை வழுக்கவைக்கும் பழுப்புப் படலம் இருக்குமே, அதைக் கொஞ்சம் சுரண்டி இன்று மாலை நுண்ணோக்கியில் வைத்தோம். அக்கா மகள் கண்ணை எடுக்கவே இல்லை.

படகு வடிவில் ஒரு டயட்டம், ஒற்றைச் செல் பாசி. ஓடு முழுக்க நெருக்கமான கோடுகள், நடுவில் மெல்லிய பிளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக நகர்ந்தது.

ஆமாம், கண்ணாடிதான். நீரில் கரைந்த சிலிக்காவை, அதாவது கண்ணாடிக்கான மூலப்பொருளை, எடுத்து இந்தப் பாசி தன் ஓட்டைக் கட்டுகிறது. அந்தச் சிலிக்காவை நம் மலைப்பாறையிலிருந்து மழை கரைத்தெடுத்தது. மிச்சம் கொத்மலை ஓயா, மகாவலி வழியாகத் திருகோணமலைக் கடலுக்குப் போகும். வழியில் அணைகளிலும் ஒரு பங்கு தங்கிவிடும்.

கடலிலும் இதே கதைதான். டயட்டம் செத்தால் ஓடு கீழே இறங்கும். பெரும்பகுதி கரைந்துவிடும், நூற்றில் சிலதே அடிச்சேற்றில் புதையும். அந்தச் சேற்றைத் துளைத்தெடுத்து, காரக் கரைசலில் சிலிக்காவைக் கரைத்து அளந்தால், அன்று மேலே கடல் எவ்வளவு செழித்திருந்தது என்று கணிக்கலாம்.

ஆனால் ஓடு நிறைய இருந்தாலே விளைச்சல் அதிகம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கலாம், நீரோட்டம் வேறிடத்திலிருந்து அள்ளிவந்தும் குவித்திருக்கலாம். அதனால் நீரோட்டம் குவித்ததைக் கழிக்க, கடல்நீரிலிருந்து சீராகப் படியும் தோரியம்-230 என்ற கதிரியக்கப் பொருளின் அளவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த நிதானம்தான் ரொம்பப் பிடித்தது.

2009இல் கடல் ஆய்வாளர் ராபர்ட் ஆண்டர்சன் குழு அப்படித்தான் அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலின் சேற்றைப் படித்தது. பனியுகம் முடிகிற காலத்தில், ஏறத்தாழ 17,000 ஆண்டுகளுக்கு முன், ஓடுகள் புதைவது கூடியிருக்கிறது. ஆழத்து நீர் மேலெழுந்து சிலிக்காவைக் கொண்டுவந்திருக்கிறது. அதே காலத்தில்தான் காற்றில் கார்பன் டை ஆக்சைடும் ஏறத் தொடங்கியது.