கண்ணாடி இல்லாத இரண்டு வாரங்கள்

சென்ற தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ட்ரைபாடை நிறுத்திவிட்டு, குஞ்சுகளுக்கு இரை கொண்டுவரும் நத்தைகுத்தி நாரைகளுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்ற கல்லூரி மாணவர் ஒருவர் என் கேமராவைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், இன்னும் டிஎஸ்எல்ஆர்தானா?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை. பழைய இரண்டு-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் காட்டும் பரிவுதான் இருந்தது. என்னிடம் இருப்பது 2015ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் டி7200; உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் வகைக் கேமரா. அதே ஆண்டில் வந்த 200-500 மி.மீ. லென்ஸ்தான் அதன் நிரந்தரத் துணை. அந்த மாணவருக்கு அன்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். அதன் பிறகு ஒரு நண்பர் வெளிநாட்டிலுள்ள மகள் வீட்டுக்குப் போகும்போது தம்முடைய நிக்கான் இசட்8 என்ற மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத, கேமராவை என்னிடம் இரண்டு வாரங்களுக்கு விட்டுச்சென்றதால், அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் தகுதி ஓரளவு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

டிஎஸ்எல்ஆரின் இடத்தை மிரர்லெஸ் பிடித்துவிட்டதா என்பதில் விவாதத்துக்கு இனி இடமில்லை, பிடித்துவிட்டது. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தபோது அதை விளையாட்டுப் பொருளாகப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். 2013இல் சோனி 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள முழுச் சட்டக சென்சாரோடு ஏ7 கேமராவைக் கொண்டுவந்தபோதும், 2017இல் நொடிக்கு 20 படங்களை, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருளாமல் எடுக்கும் ஏ9 வந்தபோதும்தான் மற்ற நிறுவனங்களுக்கு உறைத்தது. நிக்கானும் கேனனும் 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சில வார இடைவெளியில் தங்கள் முழுச் சட்டக மிரர்லெஸ் வரிசைகளை அறிவித்தன. 2020இல் உலக அளவில் அனுப்பப்பட்ட மிரர்லெஸ் கேமராக்கள் சுமார் 29 லட்சம், டிஎஸ்எல்ஆர் சுமார் 24 லட்சம் என்று கணக்கு முதன்முறையாகத் தலைகீழானது. நிக்கான் டி6, கேனன் 1டி எக்ஸ் மார்க் 3 ஆகிய உச்சநிலை டிஎஸ்எல்ஆர்கள் வந்ததும் அதே 2020இல்தான். அவற்றுக்கு வாரிசு வரவில்லை, வரப்போவதும் இல்லை. பென்டாக்ஸ் மட்டும் 2021இல் கே-3 மார்க் 3 என்ற டிஎஸ்எல்ஆரை வெளியிட்டுத் தன் பிடிவாதத்தைக் காட்டியது. அந்தப் பிடிவாதத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வாங்கமாட்டேன்.

இதைவிடச் சுவையானது, கண்ணாடி ஏன் போயிற்று என்பது. ஃபிலிம் காலத்தில் லென்ஸ் காண்பதை நாமும் காண வேண்டுமானால், ஒளியை ஃபிலிமில் படவிடாமல் மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகம் வழியாகக் கண்ணுக்குக் கொண்டுவர 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி வேண்டும். பொத்தானை அழுத்தும்போது அது எழுந்து வழிவிட வேண்டும். 1959இல் வந்த நிக்கான் எஃப் முதல் என் டி7200 வரை ஏற்பாடு இதுதான். ஃபிலிமின் இடத்துக்குச் சென்சார் வந்த பிறகு, தான் காண்பதைத் தானே திரையில் காட்டும் ஆற்றல் அதற்கு வந்துவிட்டது. அந்த ஆற்றல் போதிய வேகத்தை எட்டும் வரைதான் கண்ணாடிக்கு வேலை இருந்தது.

ஆனால் கண்ணாடியின் உண்மையான பலவீனம் வியூஃபைண்டரில் இல்லை, ஃபோகஸில் இருந்தது. முதன்மைக் கண்ணாடியின் நடுப்பகுதி ஒளியில் ஒரு பங்கை ஊடுருவ விடும். அதற்குப் பின்னால் உள்ள சிறு கண்ணாடி அந்த ஒளியைக் கீழே திருப்பும். கேமராவின் தரைப்பகுதியில் இருக்கும் தனிச் சென்சார் அதைக் கொண்டு தொலைவைக் கணிக்கும். அதாவது, ஃபோகஸ் பார்க்கும் இடம் ஒன்று, படம் பதியும் இடம் வேறொன்று. இரண்டுக்குமான ஒளிப்பாதைகளின் நீளத்தில் மயிரிழை வேறுபாடு வந்தாலும், நாரையின் கண்ணுக்குப் பதிலாக அதன் பின்னாலுள்ள கிளை துல்லியமாக விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் திருத்த எண் ஒன்றைக் கேமராவுக்குள் பதிந்துவைக்க நாங்கள் அளவுகோலைச் சாய்த்து வைத்துப் படமெடுத்துப் பார்த்த மாலைகள் பல. போதாக்குறைக்கு, நொடிக்கு ஆறு முறை கண்ணாடி எழுந்து விழும்போதெல்லாம் அந்த ஃபோகஸ் சென்சார் குருடாகிவிடும். பறவை எங்கே போயிருக்கும் என்று ஊகித்துத்தான் அடுத்த படத்துக்கு லென்ஸைத் திருப்பும். டி7200இல் ஃபோகஸ் புள்ளிகள் 51; அவற்றில் கிடையும் நெடுக்குமாக இரு திசையிலும் பார்ப்பதால் நம்பகமான குறுக்குவகைப் புள்ளிகள் 15, அவையும் நடுவில் குவிந்தவை. பறவையை எப்போதும் சட்டத்தின் நடுவில் வைத்துப் பழகியதால் என் படங்களில் ஒரு சலிப்பு ஏறிவிட்டதென்று மனைவி சொல்வதற்கு இதையும் காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்க்கிறது. ஒளிப்பாதைகளைப் பொருத்திப் பார்க்கும் தொல்லை அடியோடு போய்விட்டது. திருத்த எண் போட்ட மாலைகளும் போயின. அதோடு, சட்டம் முழுவதையும் ஓயாமல் பார்த்துக்கொண்டிருப்பதால் இது பறவை, இது தலை, இது கண் என்று அடையாளம் காணவும் அதனால் முடிகிறது. இசட்8இல் பறவைக்கென்றே தனி அடையாள முறை 2024ஆம் ஆண்டின் மென்பொருள் மேம்பாட்டில் சேர்ந்தது. வேடந்தாங்கலில் மரத்தின் உள்கிளையில், இலைகளின் இடுக்கில் நின்ற கூழைக்கடாவின் கண் மீது அந்தச் சிறு சதுரம் போய் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தபோது, பத்தாண்டுகளாக நான் பயின்ற ஒரு கைத்தொழில் கண்ணெதிரே அவசியமற்றுப் போனது போலிருந்தது. மகிழ்ச்சியும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

எடை குறையும் என்பார்கள். என் விஷயத்தில் நேர்மாறாக நடந்தது. பேட்டரி, நினைவக அட்டையோடு டி7200 765 கிராம். இசட்8 910 கிராம். என் பழைய லென்ஸைப் பொருத்த வேண்டிய அடாப்டர் 125 கிராம். ஆக, புதிய தொழில்நுட்பத்தைக் கழுத்தில் மாட்டியதால் 270 கிராம் கூடுதலாகச் சுமந்தேன். கண்ணாடி போனதால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் நிக்கானில் 46.5 மி.மீட்டரிலிருந்து 16 மி.மீட்டராகச் சுருங்கியது உண்மை. அகலக்கோண லென்ஸ்களைச் செய்பவர்களுக்கு அது வரம். தொலைநோக்கு லென்ஸின் முன்கண்ணாடி அளவை இயற்பியல்தான் தீர்மானிக்கிறது; அங்கே மிச்சம் பிடிக்க இடமில்லை. 2023இல் வந்த புதிய 180-600 மி.மீ. லென்ஸ், ட்ரைபாட் வளையத்தோடு என் 200-500ஐவிட 160 கிராம் மட்டுமே குறைவு.

தொலைவு குறித்தும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. டி7200இன் சென்சார் சிறியது. அந்தச் சிறிய பரப்பில் 24 மெகாபிக்சல். இசட்8இன் 45.7 மெகாபிக்சல் முழுச் சட்டகத்தில் பரவியிருக்கிறது. என் பழைய கேமரா காணும் அதே பரப்புக்கு வெட்டினால் மிஞ்சுவது 19 மெகாபிக்சல் அளவுதான். ஏரியின் நடுவே தொலைவில் நிற்கும் நாரையின் மீது அதிகப் பிக்சல்களை வைப்பது பத்தாண்டுப் பழமையான, விலையில் பல மடங்கு குறைந்த என் கேமராதான். இதை நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒருமுறை சார்ஜ் செய்தால், தரப்படுத்தப்பட்ட அளவீட்டில் டி7200க்கு 1,110 படங்கள், இசட்8க்குச் சுமார் 330. தொடர் படப்பிடிப்பில் அந்த எண்ணைவிடப் பல மடங்கு கிடைக்கிறது என்பதால் எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் பறவை பார்ப்பவனின் வேலையில் பெரும்பகுதி காத்திருப்பு. டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரில் ஒரு மணி நேரம் கண்ணை வைத்திருந்தாலும் அது வெறும் கண்ணாடி வழியே பார்ப்பதுதான், மின்சாரம் செலவாவதில்லை. மிரர்லெஸ்ஸில் பார்ப்பதே செலவு. சிக்கனத்துக்காக அதைத் தூங்க விட்டால், மீன்கொத்தி பாயும் நொடியில் கண்ணை வைக்கும்போது ஒரு கணம் கருமைதான் தெரியும்.

மீன்கொத்தி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பொத்தானை முழுவதும் அழுத்துவதற்கு ஒரு நொடி முன்பு வரை நடந்ததைக் கேமரா நினைவில் வைத்திருந்து கொடுக்கும் வசதி இசட்8இல் இருக்கிறது. சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா கோப்பாக அல்ல, சுருக்கிய ஜேபெக்காக மட்டும். பறவை கிளையை விட்டுப் பாய்ந்ததைக் கண்டபின் விரல் அழுத்தினால் போதும், பாய்வதற்கு முன்னிருந்த கணமும் கிடைத்துவிடுகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில், மின்கம்பியிலிருந்து வெண்மார்பு மீன்கொத்தி கால்களை உதைத்துக் கிளம்பும் படம் எனக்கு முதல் நாளே கிடைத்தது. இதுவரை ஒருமுறைகூடக் கிடைக்காத படம் அது. வீட்டில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, நான் பொத்தானை அழுத்தியிராத ஒரு கணத்தைப் பார்க்கிறேன் என்பது உறுத்தியது. ஆனால் அந்தக் கம்பியில் அது திரும்பத் திரும்ப வந்து அமரும் என்று அறிந்து, காற்று வரும் திசையைப் பார்த்து, பறவை காற்றை எதிர்த்துக் கிளம்பும் என்பதால் அதற்கேற்ற பக்கம் போய் நின்றவன் நான்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

படத் தரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டி850 டிஎஸ்எல்ஆரும் இசட்7 மிரர்லெஸ்ஸும் ஒரே 45.7 மெகாபிக்சல் கொண்டவை. ஒரே லென்ஸில் எடுத்த படங்களை அருகருகே வைத்தால் எது எதில் எடுத்தது என்று சொல்ல எவராலும் முடியாது. 

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன், சென்ற பருவத்தில் நான் அழித்துவிடாமல் வைத்திருந்த தோல்விப் படங்களை ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து காரணவாரியாகப் பிரித்தேன். ஃபோகஸ் தவறியவை ஒரு குவியல். அந்தக் குவியலில் பெரும்பகுதியை இசட்8 காப்பாற்றியிருக்கும், ஐயமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய குவியல் கானலுடையது. வெயில் ஏறிய பின், சூடான கரைக்கும் குளிர்ந்த நீருக்கும் மேலே காற்று அலைபாயும்போது 500 மி.மீ. லென்ஸில் நாரையின் இறகுகள் கரைந்து மெழுகு போலாகிவிடும்; கண்ணைக் கண்டுபிடிக்கும் கேமரா, கரைந்துபோன கண்ணையும் மிகத் துல்லியமாகக் கண்டுபிடித்துத் தரும். அதற்கு மருந்து ஆறரை மணிக்குக் கரையில் நிற்பது. நான் காபி குடித்துவிட்டு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்த ஞாயிறுகள் எத்தனை என்று அந்தப் படங்களின் நேரக் குறிப்பே சாட்சி சொன்னது. மூன்றாவது குவியல், மேலிருந்து கீழ் நோக்கி எடுத்தவை: கரை மீது நின்று நீரில் இருக்கும் பறவையை எடுத்ததால் பின்புலம் முழுவதும் தண்ணீரின் அழுக்குப் பழுப்பு. முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும். முழங்காலுக்கு மிரர்லெஸ் வரவில்லை.

கருவி முக்கியமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல கருவி வைத்திருப்பவர்கள். நம்மூரில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் இயற்கையியல் எழுத்தாளரும் ஒளிப்படக்காரருமான மா. கிருஷ்ணனின் (1912–1996) பெயர் வந்துவிடும்: ஒரு நிறுவனத்தின் கேமரா உடலையும் இன்னொன்றின் டெலி லென்ஸையும் வேறெங்கிருந்தோ வந்த பாகங்களையும் தாமே ஒட்டிச் சேர்த்து, 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயரிட்ட ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர். அவரைக் காட்டிக் 'கருவி முக்கியமில்லை' என்று முடிப்பது எனக்கு எப்போதும் பிழையாகவே படும். கருவியைப் பற்றிக் கவலைப்படாதவர் எதற்காக அத்தனை பாடுபட்டு ஒன்றை ஒட்டிச் சேர்க்க வேண்டும்? கடையில் கிடைத்தது தம் வேலைக்குப் பொருந்தவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கே பொருந்தவில்லை என்பதும் தெரிந்திருந்தது. என் மூன்று குவியல்களையும் பிரிக்காமல் நான் கடைக்குப் போயிருந்தால் எனக்கு அது தெரிந்திருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது நல்ல காலம் என்றும் சொல்ல வேண்டும். மிரர்லெஸ்ஸுக்கு மாறுபவர்கள் பலரும் பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் விற்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கனவு மட்டுமே காண முடிந்தவை இப்போது கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பதை விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், ஒரு படத்தை எடுத்துக் கோப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; 'வீட்டு விசேஷத்துக்கு மட்டும் எடுத்தது' என்று உறுதி கூறப்பட்ட ஒரு கேமராவின் கணக்கு லட்சத்தைத் தாண்டியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நிக்கானில் ஃபோகஸுக்கான உள்மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களை வாங்குவதானால், நாளை மிரர்லெஸ்ஸுக்குப் போகும்போது நிக்கானின் அடாப்டர்களில் அவற்றுக்குத் தானியங்கி ஃபோகஸ் இயங்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். என் பழைய 300 மி.மீ. லென்ஸ் அந்தக் கணக்கில்தான் அலமாரியில் இருக்கிறது.

நண்பர் ஊர் திரும்பிய அன்றே இசட்8ஐக் கொடுத்துவிட்டேன். என் ஷட்டர் உயிரோடு இருக்கும் வரை டி7200தான். அது நின்ற அன்று வாங்கப்போவது மிரர்லெஸ்தான், பெரும்பாலும் சிறிய சென்சார் கொண்ட ஒன்று. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அலாரத்தை நான்கரைக்கு வைத்திருக்கிறேன். பள்ளிக்கரணையில் நீருக்கு மேல் தாழப் பறக்கும் தகைவிலானை ஒருமுறைகூடக் கூர்மையாக எடுத்ததில்லை. அந்த இரண்டு வாரங்களிலும் கிடைக்கவில்லை.