பிடித்தம்

அம்மா கொழுந்து பறித்த கதையை எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில்தான் முடிப்பார்: "நான் ரெண்டு கையால பறிச்சேன், கணக்கப்பிள்ளை பேனாவால பறிச்சான்." இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் அவர் பேர் பதிந்து வேலை செய்த காலத்துக் கதை அது. பறித்த இலையின் எடையை நோட்டில் எழுதுகிறவர்தான் கணக்கப்பிள்ளை. தோட்டத் தமிழர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு பிரித்துக்கொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அப்புறம் நீலகிரி. எங்களைப் போன்றவர்களுக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை கிடைத்தது. கடல் தாண்டி வந்தும் அம்மாவின் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இருந்த கறுப்புக் கறை போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போது புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பிள்ளை நான், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலைக் கிளார்க்காகச் சேர்ந்தேன். வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கணக்கப்பிள்ளை.

சொந்தத் தோட்டம் இல்லாத ஃபேக்டரி அது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும். மதியம் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போவோம். ரோட்டோர ஷெட்டில் மூட்டைகள் வரிசையாகக் காத்திருக்கும். கொக்கித் தராசில் மாட்டியதும் முள் கொஞ்ச நேரம் ஆடும். அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது, இன்னும் ஏழு ஊர் பாக்கி. என் நோட்டில் மூன்று கட்டங்கள்: மொத்த எடை, பிடித்தம், நிகர எடை. விவசாயி கையில் கொடுக்கும் சீட்டில் ஒரே கட்டம், நிகர எடை மட்டும்.

பிடித்தமே தப்பு என்று சொல்ல மாட்டேன். சாக்குக்கு எடை உண்டு. மழை நாளில் இலையோடு தண்ணீரும் தராசில் ஏறும். மழைத் தண்ணீருக்கு யாரும் தேயிலை விலை கொடுக்க முடியாது. சிலர் முத்தல் இலையை அடியில் போட்டு, மேலே இளங்கொழுந்தாகப் பரப்பிக் கொண்டுவருவார்கள். ஒரு தடவை மூட்டைக்குள் அரைச் செங்கல் இருந்தது. அது எப்படி வந்ததென்று கொண்டுவந்தவருக்கும் தெரியவில்லையாம்.

ஆனால் சாக்கின் எடை அரைக் கிலோதான், ஊறிப்போனால் ஒரு கிலோ. நாங்கள் பிடித்தது வெயிலோ மழையோ இரண்டு கிலோ. மழை என்றால் அதற்கு மேலும் உண்டு. 23.700 என்று முள் காட்டினால் 23 என்று எழுத வேண்டும். சேர்ந்த முதல் நாளே மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இதில் ஒரு வேடிக்கை. எடையில் அடித்ததை நோட்டில் மறைத்தாலும், அது இன்னொரு கணக்கில் வந்து தலை நீட்டும். பச்சை இலையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். அதை வாட்டி, அரைத்து, உலர்த்தி எடுத்தால் நூறு கிலோ இலைக்கு 22, 23 கிலோ தூள் வரும். எங்கள் பேரேட்டில் சில மாதம் 25, 26 என்று நிற்கும். தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கருக்கு அதில் பெருமை. "என் கைராசி" என்பார். உலர்த்தும் மெஷினுக்கு ஏது கைராசி? வாங்கிய இலையைக் குறைத்து எழுதினால் தூளின் விகிதம் தானாக ஏறும். இது எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது. புரிந்த பிறகும் ஒன்றரை வருடம் அதே நோட்டில் எழுதினேன்.

அந்த ஒன்றரை வருடமும் எனக்கு உறுத்தவே இல்லை என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய விஷயம். ஏனென்றால் நான் ஒரு பைசா எடுக்கவில்லை. இலை ஏஜென்ட் கொடுத்த கவரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்த வேட்டி சட்டையைக்கூட வாங்கவில்லை. எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் 'நேர்மையாய் ஜீவிப்பது' பற்றி என்னையே பேசச் சொல்வார்கள், நானும் கூச்சமில்லாமல் பேசுவேன். எடை ஷெட்டின் சுவரில் நான் கொண்டுபோய் மாட்டிய வசனக் காலண்டர் வேறு. பிடித்த கிலோ எல்லாம் முதலாளிக்குப் போகிறது, எழுதுவது என் கடமை, பாவம் அவர் கணக்கில். இப்படி ஒரு ஏற்பாட்டை எனக்குள் செய்து வைத்திருந்தேன்.

2003 வாக்கில் பச்சை இலை கிலோ ஆறு ரூபாய்க்குத் தடுமாறிக்கொண்டிருந்தது. உரம் போடக் காசில்லாமல் சிலர் தோட்டத்தை அப்படியே விட்டிருந்தார்கள். ஒரு ஷெட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர், வாரத்துக்கு இரண்டு மூட்டை கொண்டுவருவார். சண்டை போட்டதில்லை, குரல் உயர்த்தியதில்லை. ஒரு நாள் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வீட்ல இருந்து வர்ற வழியிலேயே என் இலை இளைச்சுப் போகுதே, ஏன்?" என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அது லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள். புதன்கிழமை வேதபாடத்தில் யாக்கோபு நிருபம், அதாவது பைபிளில் யாக்கோபின் கடிதம், போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் அதிகாரத்தை என்னை வாசிக்கச் சொன்னார் ஆயர். நாலாம் வசனம்: "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்றைக்கு 'பிடிக்கப்பட்டு' என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. என் நோட்டில் இரண்டாவது கட்டத்தின் தலைப்பு, என் கையெழுத்தில், அதே சொல். மீதி அதிகாரத்தை எப்படி வாசித்து முடித்தேன் என்று நினைவில்லை.

அன்று ராத்திரி முழங்கால் போட்டேன். ஜெபம் வரவில்லை. வார்த்தைக்குப் பஞ்சமில்லை, பழகிய வார்த்தைகள் வரிசையாக வந்தன. ஆனால் யாரிடமும் போய்ச் சேராமல் என் காதிலேயே விழுந்தன. எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே போய்விட்டது. அடுத்தடுத்த நாட்களும் அப்படியே. ஒரு பக்கம் முன்னால் திருப்பினால் அதே யாக்கோபு, "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்கிறார். எல்லோருக்கும் மனப்பாடமான வரி. வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். வசனம் அங்கே முடிவதில்லை: "பாவிகளே, உங்கள் கைகளைச் சுத்திகரியுங்கள்." இருதயத்தைப் பற்றி அதற்கு அப்புறம்தான் பேசுகிறார். முதலில் கை. நான் இருதயத்தைச் சுத்தமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, கையைக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் சீட்டிலும் மூன்று கட்டம் எழுத ஆரம்பித்தேன். மொத்தம் இவ்வளவு, சாக்குக்கு ஒரு கிலோ, நிகரம் இவ்வளவு. அதிகம் போனால் ஒன்பது நாள் ஓடியிருக்கும். மேனேஜர் கூப்பிட்டார். கத்தவில்லை, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நீ ஏதாவது எடுத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்கு என்னப்பா பிரச்சினை?"

இத்தனை நாள் நான் எனக்கே சொல்லிக்கொண்ட பதில்தான் அது. அவர் வாயிலிருந்து வந்தபோது அதன் லட்சணம் தெரிந்தது. என்னைப் பேக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். ஓவர்டைம் போனது. என் இடத்துக்கு வந்த பையன் பழையபடி இரண்டு கிலோ பிடித்தான். சபையில் சாட்சி சொல்கிறவர்கள், லஞ்சத்தை மறுத்தேன், கர்த்தர் பதவி உயர்வு தந்தார் என்றே முடிப்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் அப்படி ஒரு எதிர்பார்ப்பு உள்ளூர இருந்தது. ஏழு வருடம் தேயிலைத் தூசியில் மூக்கு அடைத்ததுதான் மிச்சம்.

ஆனால் ஜெபம் திரும்பி வந்தது. ஒரேயடியாக வரவில்லை. பேக்கிங்குக்குப் போன முதல் வாரத்தில் ஒரு ராத்திரி, "ஆண்டவரே, அந்த அம்மா" என்று சொன்னேன். மேலே ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எழுந்திருக்க மனசில்லாமல் அப்படியே கிடந்தேன். கேட்கிறவர் எதிரே இருந்தார்.

உயிர்த்த ஞாயிறு திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். பழைய சீட்டுகளின் கார்பன் பிரதிகளைப் பார்த்து ஒரு வருடக் கணக்கு எடுத்திருந்தேன். மூட்டைக்கு ஒரு கிலோ அதிகம், 96 மூட்டை, கிலோ ஆறு ரூபாய் மேனிக்கு 576 ரூபாய். மழைக்கழிவில் நியாயம் எது, அநியாயம் எது என்று பிரிக்க வழியில்லை. உதிரி கிராமும் அதோடு போய்விட்டது. பைபிளில் வரும் சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். அவன் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன், ஐசுவரியவான். எனக்கு ஒரு மடங்கே அந்த மாதச் சம்பளத்தில் பெரிய ஓட்டை.

வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். மன்னிப்பு, வேத வசனம், எல்லாவற்றையும் குளறிச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. பணத்தை வாங்கி, எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினார். விரல் நுனியில் என் அம்மாவுக்கு இருந்த அதே கறை. பிறகு உள்ளே போய் மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்துவந்தார். கடைசிப் பக்கங்களில் பென்சிலால் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார், வீட்டில் போட்ட எடை ஒரு பக்கம், என் சீட்டு எடை ஒரு பக்கம்.

"தொண்ணூத்தொம்பது மூட்டை தம்பி. பதினெட்டு ரூபா குறையுது."

கார்பன் பிரதியில் ஒரு தாள் கிழிந்துபோயிருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பாக்கெட்டைத் துழாவி பஸ்ஸுக்கு வைத்திருந்த இருபது ரூபாயைக் கொடுத்தேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் மிச்சம் கொடுத்தார். பால் இல்லாமல் ஒரு டீயும் கொடுத்தார்.

குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்கும்போது கேட்டார்: "மேல்வீட்டுக்காரிக்கு எப்போ குடுப்பீங்க? அவ கணக்கும் நான்தான் எழுதி வச்சிருக்கேன்."