பூஜ்யம் விழுங்கிய கறுப்பு

வண்டிக்குப் பெயின்டு அடிக்கிற தொழிலை நான் கற்றது மாமாவிடம். அவருக்குச் சேடு, அதாவது வண்டியின் நிறத்துக்கு ஒத்த நிறம், கலக்க ஒரு குச்சி, கொஞ்சம் வெயில், ஒரு பீடி போதும். (தின்னர் டின் பக்கத்தில் பீடி! இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.) குச்சியை டின்னில் முக்கி எடுத்து வண்டிக் கதவோரம் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இன்னும் துளியூண்டு கறுப்பு விடு" என்பார். அம்பாசடர் வெள்ளைக்கும் லாரி மஞ்சளுக்கும் அது எடுபட்டது. அலுமினியச் செதில் கலந்த மெட்டாலிக்கில் எடுபடாது. சில்வர் நேராகப் பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் வேறொன்று. குச்சியில் பார்த்தது பம்பரில் வராது.

சிங்காநல்லூரில் நான் தனியாக ஷெட் போட்டபோது, டின்டர் செட்டுக்கே, அதாவது கலப்பதற்கான மூல நிறங்களுக்கே, கையிருப்பு கரைந்துவிட்டது. தராசில் மிச்சம் பிடித்தேன். பெயின்டுக்கென்றே வருகிற எடை மிஷின் விலையைக் கேட்டு நைசாக நழுவி, சமையலறைத் தராசு மாதிரி ஒன்றை வாங்கி வைத்தேன். 5 கிலோ வரை தாங்கும், 0.1 கிராம் காட்டும். பெயின்டு மிஷினும் 0.1 தானே, அப்புறம் எதற்கு அவ்வளவு காசு என்று ஒரு நினைப்பு.

முதலில் மாட்டியது ஒரு டீச்சருடைய ஸ்விஃப்ட். சில்க்கி சில்வர், கம்பெனி நிறக் குறியீடு இசட்2எஸ். முன் பம்பர் மட்டும்தான் வேலை. 150 கிராம் கலந்தேன். அந்த நிறத்தின் கலவைக் கணக்கான ஃபார்முலாவில் கறுப்பு கிலோவுக்கு 1.6 கிராம் என்று இருந்தது. அப்படியென்றால் எனக்கு வேண்டியது 0.24 கிராம். டின்டர் மூடியின் மூக்கிலிருந்து விழும் ஒரு சொட்டு சுமார் 0.03 கிராம் இருக்கும், ஆக எட்டு சொட்டு. நான் எண்ணவில்லை. மிஷின் இருக்கும்போது யார் எண்ணுவார்கள்? ஒவ்வொரு டின்டர் ஊற்றியதும் மிஷினின் பூஜ்யப் பட்டனை அழுத்தி, அடுத்ததைப் புதிதாக நிறுப்பது அப்போது என் வழக்கம். கறுப்புக்கும் பூஜ்யம் அழுத்தி, கூடப் போய்விடக் கூடாதே என்று நிதானமாகச் சொட்டுவிட்டேன். 0.0. இன்னொரு சொட்டு. 0.0. ரொம்ப நேரம் கழித்து 0.1. கடைசியில் 0.2 வந்ததும் நிறுத்திவிட்டேன்.

ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாலை வெயிலில் டீச்சர் வண்டியை வெளியே எடுத்தார். ஃபெண்டர் ஒரு நிறம், பம்பர் அழுக்குத் தண்ணீரில் துடைத்த மாதிரி ஒரு நிறம். "தம்பி, இது என் வண்டி பம்பர் தானுங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

முதலில் பெயின்டு பீய்ச்சும் ஸ்ப்ரே கன் மேல்தான் சந்தேகம். சில்வரை ஈரமாக அடித்தால் அலுமினியச் செதில்கள் உள்ளே படிந்து சேடு கறுக்கும். காற்றழுத்தம் மாற்றி, தூரம் மாற்றி அட்டையில் அடித்துப் பார்த்தேன். அட்டைக்கு அட்டை அதே அழுக்கு.

அன்று ராத்திரி ஷெட்டைச் சாத்திவிட்டு, மெல்லிய ஊசி போட்ட சிரிஞ்சில் தண்ணீர் எடுத்தேன். மிஷின் மேல் காலிக் கோப்பையை வைத்துப் பூஜ்யம் அழுத்தி, ஒவ்வொரு சொட்டாக இருபது சொட்டு. 0.0. அசையவே இல்லை. அதே இருபதை வேறொரு மூடியில் சேர்த்து, மொத்தமாக ஊற்றினேன். 0.3. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

விஷயம் இதுதான். வெறும் தட்டில் தூசி விழுந்தாலும் சூடு ஏறினாலும் எண் தானாக நகரும். அது நகராமல் இருக்க, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களை மிஷினே பூஜ்யமாக்கிக்கொள்ளும். வெங்காயம் நிறுக்கிறவருக்கு அது வசதி. சொட்டு விடுகிற எனக்கு அது எமன். ஒவ்வொரு சொட்டையும் தூசி என்று நினைத்து விழுங்கிவிட்டது. எட்டு சொட்டு போக வேண்டிய இடத்தில் எத்தனை போனதோ! பெயின்டு மிஷினில் இந்தக் கோளாறு வராதபடி அமைத்திருப்பார்கள். காசு அதற்குத்தான்.

புது மிஷின் வரும்வரை பழையதை வைத்தே ஓட்டினேன். நடுவில் பூஜ்யம் அழுத்துவதை விட்டேன். முதல் டின்டரிலிருந்து கடைசி வரை ஒரே கூட்டாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். 148.3-லிருந்து 148.5 வரை என்றால் அங்கே பூஜ்யமே கிடையாது, விழுங்குவதற்கும் ஒன்றும் இல்லை. டீச்சர் வண்டிக்கு அப்படிக் கலந்து மறுபடி அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. புது மிஷினிலும் அதே பழக்கம்தான்.

மிஷின் மாறியும் ஒரு சண்டை தீரவில்லை. "ஒரு மிரர் கவர்தானே, 50 கிராம் கலந்தால் போதாதா?" என்று பையன்கள் கேட்பார்கள். அதே ஃபார்முலாவில் 50 கிராமுக்குக் கறுப்பு 0.08. மிஷின் 0.1 காட்டும்போது உள்ளே 0.05-ம் இருக்கலாம், 0.15-ம் இருக்கலாம். ஒன்றுக்கு மூன்று வித்தியாசம்! 200 கிராம் கலந்தால் அதே தவறு கால்வாசியாகிவிடும். மிச்ச பெயின்டு வீணாகிறதே என்பார்கள். ஒரு பம்பரைத் தேய்த்துத் திருப்பி அடிக்கிற உப்புத்தாள், மேலே அடிக்கும் கிளியர் கோட், கூலி எல்லாவற்றையும் கூட்டினால் அந்த மிச்சம் ஒன்றுமே இல்லை.

கூட விழுந்துவிட்டால்? 4 கிராம் நீலத்துக்கு 5 விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒன்றேகால் மடங்காக்க வேண்டும், 200 கிராம் 250 ஆகிவிடும். ஸ்பூனில் மோந்து எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஸ்பூனில் வருவது நீலம் மட்டும் இல்லையே.

மற்றபடி எல்லாம் வீட்டுவேலை மாதிரிதான். மிஷினில் இருக்கிற நீர்க்குமிழி வட்டத்துக்கு நடுவில் நிற்க வேண்டும். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் பெயின்டு வழிந்து காய்ந்தால் தட்டு ஒட்டிக்கொண்டு எடையைக் குறைத்துக் காட்டும். டின்டரைக் காலையில் நன்றாகக் கலக்காமல் ஊற்றினால், எந்த மிஷினாலும் காப்பாற்ற முடியாது. மேலே நிறமில்லாத வெறும் பைண்டர் திரவம்தான் நிற்கும், நிறமெல்லாம் அடியில்.

மாமா இப்போதும் டீ குடிக்க வருவார். பழைய மிஷினை, பள்ளம் நிரப்புகிற பட்டி குழைக்கும் பலகையில் வைத்திருக்கிறேன். 100 கிராம் பட்டிக்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் 2 கிராம். ஹார்ட்னரைக் கையளவில் பிதுக்கிக் கூடப் போனால் மேலே அடிக்கும் பெயின்டில் கறை கிளம்பும். மாமா பலகைக்கு வந்து, டீ கிளாஸை மிஷின் மேல் வைத்து எத்தனை கிராம் என்று பார்த்துவிட்டு, குடித்து முடித்ததும் மறுபடி வைத்துப் பார்ப்பார். "டீக்கடைக்காரன் ஏமாத்தறான் மாப்ளே."