பாதி வேர்

செப்டம்பர் 22, 2024. ஞாயிறு

நான் தோட்ட வேலை பார்க்கும் பாட்டியம்மா வீட்டு மகிழ மரத்தை வேரோடு இடம் மாற்றப் பாதிப் பள்ளம் எடுத்தாயிற்று. அடிமரத்திலிருந்து இரண்டரை அடி தள்ளி வட்டம் போட்டு, கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் மூன்றடி ஆழம் தோண்டினோம். மரம் அரையடி கனம். மண்கட்டி அதைப்போல் பத்து மடங்கு அகலம் இருந்தால்தான் மகிழம் பிழைக்கும். பெருவிரல் பருமனில் ஏழு வேர்கள் வந்தன. தம்பி கடப்பாரையை ஓங்கினான், விடவில்லை. கடப்பாரை வேரை நசுக்கிவிடும், நசுங்கிய வேர் அழுகும். ஏழையும் நானே ரம்பத்தால் அறுத்தேன். மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து பள்ளத்தை மூடினோம். அறுத்த முனையில் புது வேர் விட வேண்டும், அப்புறம்தான் வடக்கும் தெற்கும்.

வடக்குப் பக்கப் பட்டையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்திருக்கிறேன். எங்கே கொண்டுபோய் நட்டாலும் அந்தப் பொட்டு வடக்கைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 23

இலை கொட்டவில்லை.

செப்டம்பர் 26

பாட்டியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார்கள். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இலை கொட்டுதாப்பா?" என்றுதான் கேட்டார்கள். இல்லைம்மா என்றேன். "பொய் சொல்லாதே."

இரவு வலது கை விரல்கள் மூன்றும் மரத்துப்போய் விழித்துக்கொண்டேன்.

அக்டோபர் 3

இன்று நான்கு வீட்டில் தோட்ட வேலை. மூன்றாவது மாடிக்காரர் வீட்டுச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி, நுனி முழுக்கப் பஞ்சு ஒட்டினதுபோல. எறும்பு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. எறும்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பூச்சி விடுகிற இனிப்பு நீருக்குத்தான் அது வருகிறது. "ஸ்ட்ராங்கா ஏதாவது மருந்து அடிங்களேன்" என்றார். அந்த மாடியில் அவர் பேரக்குழந்தை விளையாடுகிறது. முடியாது சார் என்று சொல்லிவிட்டேன். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டினேன். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சோப்பு கரைத்து, வெயில் இறங்கிய பிறகு இலைக்கு அடியில் படும்படி அடித்தேன். அடுத்த வாரம் இன்னொரு முறை அடிக்க வேண்டும்.

கத்தரியைப் பிடித்தால் பெருவிரலுக்கு உணர்ச்சியே இல்லை. இரண்டு முறை கீழே விழுந்தது.

அக்டோபர் 9

மணிக்கட்டில் நரம்பு அழுத்தமாம். ஆறு வாரம் வெட்டுகிற வேலை வேண்டாம் என்கிறார் டாக்டர். பதினான்கு வீடு இருக்கிறது. ஆறு வாரம் போகாவிட்டால் ஏழாவது வாரம் அந்த வீடுகளில் வேறு ஆள் நிற்பான். இரவில் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 16

இரண்டு நாளாக மழை. வேலையும் இல்லை, காசும் இல்லை. திருவான்மியூர் வரை நனைந்துகொண்டே போய் மரத்தைப் பார்த்தேன். நிற்கிறது. பள்ளத்து மண் நாலு விரல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்டோபர் 31

தீபாவளி. மூன்று வீட்டில் இனாம் கொடுத்தார்கள். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிற வீட்டில் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள்.

நவம்பர் 3. ஞாயிறு

வடக்கும் தெற்கும் அறுத்தாயிற்று. நியாயமாக இன்னும் இரண்டு மாதம் விட்டிருக்க வேண்டும். டிசம்பர் முதல் வாரம் வீட்டை இடிக்க வருகிறார்கள், நான் என்ன செய்ய. வீட்டை விற்ற மகனைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த மரம் அவருடைய அப்பா வைத்தது.

திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்தது மகிழ மரத்தடியில்தான் என்று பாட்டியம்மா சொல்வார்கள். சத்தியத்தை மீறியதால் கண்ணை இழந்ததையும் சேர்த்தே சொல்வார்கள். நானும் வார்த்தை கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 10

மரத்தை நடப் பள்ளிக்கூடத்தில் குழி தயார். தலைமையாசிரியர் கூடவே நின்று அளந்து பார்த்தார். கிரேன் டிசம்பர் 2 காலை. மண்ணோடு இரண்டு டன் வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 27

கடலில் தாழ்வு மண்டலம். புயலாகும் என்கிறார்கள், ஆகாது என்கிறார்கள்.

நவம்பர் 29. வெள்ளி

பெயர் வைத்துவிட்டார்கள். ஃபெஞ்சல்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் அன்று நான் இந்தத் தெருக்களில் இருந்தேன். மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. ஒரு பக்கம் சிமெண்ட், ஒரு பக்கம் கால்வாய்க்கு வெட்டினது. சாய்ந்த மரங்களில் பிடிப்புள்ள வேரே இல்லை. அன்றைக்கு வேர் வெட்டியவர்களை அவ்வளவு திட்டினேன். இந்த மரத்துக்கு நாலு பக்கமும் வெட்டியது என் கை.

மதியம் போய்க் கிளையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தேன். காற்றுக்கு வழி வேண்டும். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை மேல் சுற்றி, அதன் மேல் கயிறு. ஒன்று கேட் தூணுக்கு, ஒன்று கிணற்றுச் சுவருக்கு, மூன்றாவது தரையில் அடித்த இரும்பு முளைக்கு. முடிச்சைக் கையால் இறுக்க முடியவில்லை. பல்லால் இழுத்தேன்.

ஏழு மணிக்கு போன். "இலை கொட்டுதாப்பா?"

இல்லைம்மா. கொட்டவில்லை. நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நவம்பர் 30

விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். வெளியே போகக் கூடாது என்று வீட்டுக்காரி கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். தெருவில் முருங்கை ஒடிந்தது. அந்த முளை இந்நேரம் ஊறிப்போயிருக்கும்.

இரவு 11. புதுச்சேரிப் பக்கம் கரையேறுகிறதாம். இங்கே காற்று இன்னும் நிற்கவில்லை.

டிசம்பர் 1. ஞாயிறு

விடியும் முன்பே போய்விட்டேன்.

முளை பிடுங்கிக்கொண்டு கிடக்கிறது. மற்ற இரண்டு கயிறும் வீணைக் கம்பி மாதிரி விறைத்திருந்தன. மரம் மேற்கே ஒரு சாண் சாய்ந்திருக்கிறது, விழவில்லை. சுண்ணாம்புப் பொட்டு மழையில் போய்விட்டது. எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

கிழக்குப் பள்ளத்தில் விரலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். செப்டம்பரில் அறுத்த வேரின் விளிம்பில் வெள்ளையாக, சேமியா கனத்தில், ஒன்றல்ல, கொத்தாக. விரலுக்குத்தான் உணர்ச்சி இல்லையே, கண்ணால் எண்ணினேன். பதினொன்று. உடனே மூடிவிட்டேன், காற்றுப் படக் கூடாது.

மண் இப்படி ஊறியிருக்கும்போது தூக்கினால் கட்டி உடையும். கிரேன்காரரிடம் வியாழக்கிழமை வரச் சொன்னேன். இடிக்கிறவர்கள் புதன் என்கிறார்கள்.